ஒரே கோட்டு, ஊரெல்லாம் மாப்பிள்ளை: பழைய படம், பழைய சினிமா, பழைய துணி பற்றி வாசகர் கேள்விகள்

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு பழைய போட்டோவைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. தருமபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாமாவின் ஸ்டுடியோவில் 1978இல் ஹைப்போ (கழுவின படம் மங்காமல் நிலைக்கப் போடுகிற மருந்து) தொட்டி கழுவும் பையனாகச் சேர்ந்தவன், 2006இல் கடையை மூடியபோது கடைசியாக ஷட்டரை இழுத்துவிட்டவன் என்கிற ஒரே தகுதியில்தான் இதை எழுதுகிறேன். போட்டோ என் தொழில். சினிமா ஆசை. துணிமணி விஷயத்தில் வீட்டம்மா சொல்வதைக் கேட்டுச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, எங்க ஆயாவோட பதினெட்டு வயசுப் படம் ஒண்ணு வீட்டில் இருக்கு. ஒரே ஒரு படம்தான். நான் ஃபோனில் எடுத்த செல்ஃபி ஆயிரக்கணக்கில் இருக்கும், பழைய படம் மாதிரி ஆக்குகிற ஃபில்டர் எல்லாம் போட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணுகூட அந்தப் படம் மாதிரி வரலை. ஆயா அவ்வளவு அழகா, இல்ல கேமரா அப்படியா?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

பதில்: ஆயா அழகுதான் தங்கச்சி, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதில் எங்கள் ஆட்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

அன்றைக்கு ஸ்டுடியோவில் ஓடிய 120 என்கிற வகை ஃபிலிம் ரோலில் சதுரப் படம் எடுத்தால் மொத்தம் 12தான் விழும். ஒன்று வீணானால் முதலாளி பார்க்கிற பார்வையே வேறு. அதனால் பட்டனை ஒரு தடவை அமுக்குவதற்கு முன்னால் கால் மணி நேரம் ஆளை உட்கார வைத்து வேலை நடக்கும். ஆயா ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருப்பார், முகமெல்லாம் வேர்வை. கண்ணாடிக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட சீப்பு இருக்கும் (கட்டாவிட்டால் சாயங்காலத்துக்குள் காணாமல் போய்விடும்), பவுடர் டப்பா இருக்கும், முகம் கழுவ வாளியில் தண்ணீர் இருக்கும். அப்புறம் ஸ்டூலில் உட்கார வைத்து, ஒரு 500 வாட் பல்பை நேராகவும் இன்னொன்றை வெள்ளைத் துணி மேல் அடித்து மெதுவாகவும் முகத்தில் விழ வைத்து, மூக்குக்குக் கீழே விழுகிற நிழல் உதட்டைத் தொடுகிறதா என்று பார்த்து, தொட்டால் பல்பை அரை அடி நகர்த்தி, "தாடையைக் கொஞ்சம் இறக்கும்மா, இன்னும், போதும், மூச்சுப் பிடி" என்று சொல்லி ஒரே ஒரு கிளிக். ஷட்டர் கால் செகண்டோ அரை செகண்டோ திறந்திருக்கும், அந்த நேரம் அசையக் கூடாது. சிரித்தால் அசையும். அதனால்தான் உதடு மூடி, கண் நிலைகுத்தி நிற்கிறது. நீ அதைக் கம்பீரம் என்கிறாய். ஆயாவைக் கேட்டால் பயம் என்பார்.

வேலை அதோடு முடியாது. நெகட்டிவைக் காயவைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வருகிற சாய்மேஜையில் மாட்டி, பென்சிலை மணல்தாளில் ஊசி மாதிரி தீட்டிக்கொண்டு டச்சிங் செய்வோம். முகத்தில் கருப்பாக இருக்கிற அம்மைத் தழும்பு நெகட்டிவில் தெளிந்த புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியைப் பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் தழும்பு மறைந்துவிடும். கண்ணுக்குக் கீழே கருவளையம், நெற்றிச் சுருக்கம் எல்லாம் இப்படித்தான் போகும். ஆக ஃபில்டர் அப்போதே இருந்தது, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்த எங்கள் மாமாதான் அது. ஆனால் மச்சத்தை மட்டும் தொட விடமாட்டார். பெண் பார்க்கிற வீட்டுக்குப் போகிற படம், நாளைக்கு நேரில் பார்த்து "படத்தில் இல்லையே" என்று எவனாவது கேட்டால் கடைக்குத்தான் கெட்ட பேர் என்பார்.

இன்னொரு விஷயம் அளவு. அந்த நெகட்டிவ் கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் சதுரம். உன் ஃபோனில் படம் விழுகிற சில்லு சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. பெரிய நெகட்டிவை ரெண்டு மடங்கு, ரெண்டரை மடங்கு மட்டும் பெரிதாக்கினால் கன்னத்தில் வெளிச்சம் நிழலாக மாறுகிற இடம் வெண்ணெய் மாதிரி இருக்கும். ஃபில்டர் என்ன செய்கிறது? கீறலும் மஞ்சளும் போடுகிறது. ஆயாவின் படம் வந்த அன்றைக்கு அதில் கீறல் ஏது, மஞ்சள் ஏது!

ஒன்று செய்து பார். காலையில் ஜன்னலோரம் உட்கார், வேறு யாரையாவது எடுக்கச் சொல், அன்றைக்கு மொத்தம் 12 படம்தான் என்று வைத்துக்கொள். ஆயாவையே எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது, பழிக்குப் பழி வாங்க அவருக்கும் ஒரு சந்தர்ப்பம்.

கேள்வி: சார், எங்க தாத்தா கல்யாணப் படத்தில் கோட்டு சூட்டு போட்டு நிக்கறார், கையில் வாட்ச், பக்கத்தில் டெலிபோன். தாத்தா புளி வியாபாரிகிட்ட மூட்டை தூக்கினவர்னு அப்பா சொல்றார். எப்படி சார் கோட்டு?
– அரூர் வாசகர்

பதில்: தம்பி, அந்தக் கோட்டை எனக்கு நல்லாத் தெரியும் என்று நினைக்கிறேன்!

சும்மா சொல்லவில்லை. ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் ஒரு கோட்டு இருக்கும். எங்கள் கடையில் இருந்தது கருநீலம், வலது பக்கம் நடுப் பொத்தான் கிடையாது. ஒல்லி ஆள் வந்தால் பின்னால் துணி கிளிப்பைப் போட்டு இழுத்துப் பிடிப்போம். தடி ஆள் வந்தால் பின்பக்கத் தையலைப் பிரித்து வைத்திருப்போம், முன்னால் பார்த்தால் கனகச்சிதம், பின்னால் முதுகு தெரியும். கீழே வேட்டி. அதனால்தான் அந்தக் காலத்து மாப்பிள்ளைப் படங்கள் பல இடுப்போடு நின்றுவிடுகின்றன. டை எலாஸ்டிக் வைத்துத் தைத்தது. டெலிபோனுக்கு வயர் கிடையாது. வாட்ச் மட்டும் மாமாவுடையது, படம் எடுத்ததும் முதலில் அதைக் கழற்றி வாங்கிவிடுவார். அரூர், மொரப்பூர், பாப்பாரப்பட்டி என்று சுற்றுவட்டாரத்தில் எத்தனை வீட்டுச் சுவரில் அதே கருநீலக் கோட்டு தொங்குகிறதோ தெரியாது. சில வீடுகளில் அப்பாவும் மகனும் அதையே போட்டிருப்பார்கள்.

இதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதே. மூட்டை தூக்கின மனுஷன், வாழ்க்கையில் ஒருநாள் தான் எப்படித் தெரியவேண்டும் என்று முடிவு செய்தார், அந்த முடிவைத்தான் படமாக எடுத்தோம். தாத்தாவின் தோளைப் பார், கோட்டுக்குள் எப்படி நிமிர்ந்திருக்கிறது என்று.

பெண்களுக்குக் கோட்டு கிடையாது, அவர்களுக்கு ஜடைதான். பூ தைத்த ஜடை பின்னால் இருக்கும், முகம் முன்னால் இருக்கும், ரெண்டும் தெரியவேண்டும். ஆளுயரக் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, ஜடை கண்ணாடியில் விழுகிற மாதிரி நிற்க வைத்து, ஆனால் கேமராவும் நானும் அந்தக் கண்ணாடியில் தெரியாத மாதிரி இடம் பிடிக்க வேண்டும். மஞ்சள் நீராட்டுக்கும் வளைகாப்புக்கும் இதுதான் படம். ஒரு தடவை பிரிண்டு போட்டுப் பார்த்தால் ஜடைக்குப் பக்கத்தில் ஓரமாக என் முழங்கை. அந்த வீட்டில் இன்னும் என் முழங்கை ஃப்ரேம் போட்டுத் தொங்குகிறது.

கேள்வி: அய்யா, அப்பா அம்மா கல்யாணப் படம் ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. மழைக்காலத்தில் சுவர் ஓதம். பிரித்தெடுக்க முடியுமா? பக்கத்து வீட்டில் வெந்நீர் ஆவி காட்டச் சொல்கிறார்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கிருஷ்ணகிரி

பதில்: ஆவியும் வேண்டாம், பிளேடும் வேண்டாம், பக்கத்து வீட்டாரும் வேண்டாம். போட்டோத் தாளின் மேல் பூச்சு ஜெலட்டின், அதாவது மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கிற பசை மாதிரியான பொருள். ஓதத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், கையில் வெறும் தாள்தான் மிஞ்சும். நான் ஒரு வீட்டு மாப்பிள்ளையை அப்படித் தொலைத்திருக்கிறேன், 1984இல், இன்னும் உறுத்துகிறது.

கண்ணாடியோடேயே வைத்து முதலில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்து, பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற இடத்தில் வைத்து, ஒரு கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு ஃபோன் கேமராவை அதன் வழியே நீட்டி எடுத்தால் உங்கள் முகமும் கூரையும் கண்ணாடியில் விழாது. அதை நல்ல தாளில் பிரிண்டு போட்டுச் சுவரில் மாட்டுங்கள். அசலைக் கண்ணாடியோடு பருத்தித் துணியில் சுற்றி, ஓதமில்லாத அலமாரியில் படுக்க வையுங்கள், பரண்மேல் வேண்டாம், அங்கே கோடையில் வேகும். மற்ற படங்களுக்கு இனி ஃப்ரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள், இடைவெளி இருந்தால் ஒட்டாது. ஒட்டும் பிளாஸ்டிக் தாள் போட்ட ஆல்பம் இருந்தால் அதிலிருந்தும், தானாக வருகிற படங்களை மட்டும் எடுத்து வையுங்கள். பின்பக்கம் பேர் எழுதப் பென்சில்தான், பால்பாயிண்ட் அமுங்கி முன்பக்கம் தடம் விழும்.

பேர் எழுதுவதை ஒத்திப் போடாதீர்கள் அய்யா. கடையை மூடிய அன்றைக்கு வாங்காமல் விட்ட படங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன, ஒருத்தர் பேரும் தெரியவில்லை.

கேள்வி: 1960இல் எடுத்த மாமியார் படம் பளிச்சென்று இருக்கிறது, 1982இல் எடுத்த என் கல்யாண ஆல்பம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. கலர் படம் எடுத்தவர் ஏமாற்றிவிட்டாரா?
– ஊத்தங்கரை வாசகி

பதில்: இல்லம்மா, அவர் மேல் தப்பில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது நிஜமான வெள்ளித் துகள். நன்றாக ஹைப்போவில் போட்டுக் கழுவியிருந்தால் நூறு வருஷம் தாங்கும். கலர் படத்தில் வெள்ளி இல்லை, கழுவும்போதே அதை எடுத்துவிடுவார்கள், மிஞ்சுவது மூன்று சாயம். அந்தக் காலத்துத் தாளில் நீலப்பச்சைச் சாயம் மற்றதைவிடச் சீக்கிரம் மங்கிவிடும், அது போனதும் எல்லார் முகமும் சிவந்துவிடும். ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஓரளவு சரிக்கட்டலாம். ஆல்பத்தை வெயில் படாமல் வையுங்கள், மிச்சச் சாயமாவது இருக்கட்டும்.

கேள்வி: நம்ம பக்கத்து ஊர்களில் எடுத்த ரொம்பப் பழைய போட்டோ எது?
– ராயக்கோட்டை வாசகர்

பதில்: கேள்வியை ராயக்கோட்டையிலிருந்தே கேட்டீர்களே! நானறிந்தவரை பழையவை என்றால் உங்கள் ஊர்ப் படங்கள்தான். லின்னேயஸ் ட்ரைப் என்று ஒரு கேப்டன், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் பட்டாளத்துக்காரர், மதராஸ் அரசாங்கம் அவரைப் போட்டோ எடுக்கவே வேலைக்கு வைத்திருந்தது. மதுரை, தஞ்சாவூர், திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை என்று அவர் எடுத்தவை 1858இல் ஆல்பங்களாக வந்தன, அதில் ஒன்று ராயக்கோட்டைக்கும் சேலம் ஜில்லாவின் மற்ற இடங்களுக்கும் என்றே தனியாக. அப்போது தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாதானே. தருமபுரி பிரிந்தது 1965இல், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல்.

மதுரை மீனாட்சி, தஞ்சைப் பெரிய கோயில் வரிசையில் ராயக்கோட்டைக்கு எப்படி இடம்? 1791இல் கம்பெனிப் படை திப்புவிடமிருந்து பிடித்த கோட்டை அது, அவர்களுக்கு அது ஒரு பெருமை.

அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். செகண்டு கணக்கெல்லாம் கிடையாது, நிமிஷக் கணக்கில் திறந்து வைக்க வேண்டும். நடந்து போகிற ஆள் படத்தில் பதியவே மாட்டான். ஆகவே ட்ரைப் படங்களில் ஊர் காலியாகக் கிடக்கிற மாதிரி இருக்கும். காலியில்லை, எல்லாரும் அசைந்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். வானம் வெறும் வெள்ளையாக வந்ததால் நெகட்டிவிலேயே மேகத்தைத் தீட்டி வைத்தார் மனுஷன். டச்சிங் வேலை, நம்ம ஜாதி! வெளிநாட்டு நூலகங்களும் அருங்காட்சியகங்களும் அவர் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. தேடிப் பார்த்துவிட்டு, தக்காளி மண்டிக்குப் போகிற வழியில் தலையைத் தூக்கி மலையைப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவோட உட்கார்ந்து கறுப்பு வெள்ளைப் படம் பார்க்கிறது எனக்குப் பிடிக்கும். என் பையன், "கலர் இல்லாத படத்தை எப்படிப்பா ரெண்டரை மணி நேரம் பார்க்கிறீங்க" என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்ல?
– பென்னாகரம் வாசகர்

பதில்: பதில் சொல்லாதீர்கள், டிவியில் சத்தத்தை முழுசாக அணைத்துவிட்டு ஒரு ராத்திரிக் காட்சியை மட்டும் காட்டுங்கள். கலர் இருந்தால் பச்சைச் சுவருக்கு முன்னால் சிவப்புச் சட்டைக்காரன் தானாகத் தனித்துத் தெரிவான். கறுப்பு வெள்ளையில் அந்தப் பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பலாகப் போய்விடும், ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்வான். பின்னாலிருந்து தலைமுடி ஓரத்தில் ஒரு விளக்கு, தோள் ஓரத்தில் ஒன்று, சுவரில் ஜன்னல் கம்பி நிழல் விழ இன்னொன்று என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தாலேயே பிரித்துக் காட்டினால்தான் படம் நிற்கும். துணியும் அப்படித்தான், சுத்த வெள்ளை கண்ணைக் கூசும் என்று வெள்ளைப் புடவைக் காட்சிக்கு லேசாகச் சாயம் ஏற்றின புடவை கட்டுவார்கள். கதாநாயகி நெருக்கக் காட்சிக்கு லென்ஸ் முன்னால் மெல்லிய வலைத்துணி. ஆயா படத்துக்கு மாமா செய்த அதே வேலை, கொஞ்சம் பெரிய சம்பளத்துக்கு.

கலர் வராமல் போய்விடவில்லை. நமக்குப் பக்கத்துச் சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இலேயே 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்று முழுநீளக் கலர் படம் எடுத்துவிட்டது, தமிழில் அதுதான் முதல். ஏற்காடு ரோட்டில் அந்த வளைவு இன்னும் நிற்கிறது, வண்டியை நிறுத்திப் பையனுக்குக் காட்டுங்கள். கலர் வந்த பிறகும் பல வருஷம் கறுப்பு வெள்ளைதான் அதிகம் ஓடியது. செலவு ஒரு காரணம். கச்சா ஃபிலிம் வெளிநாட்டுச் சரக்கு, கலருக்கு முன்னாலேயே, இரண்டாம் உலகப் போர் சமயத்தில், அதன் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்றே சர்க்கார் உத்தரவு. நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், கணக்குப் போட்டால் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதற்கு முன்னால் மூணு மணி நேரத்துக்கு மேல் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தவர்கள் கதையைச் சுருக்கக் கற்றுக்கொண்டார்கள்.

உங்கள் அப்பா பார்த்தது டூரிங் கொட்டகையில் இருக்கும். ஒரே புரொஜெக்டர், ரீல் மாற்ற நாலு இடைவேளை, தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடு கட்டி உட்காருவது, முன்னால் இருப்பவன் அதைவிட உயரமாகக் கட்டுவது, சண்டை. விளக்கு கார்பன் குச்சி, ரெண்டு குச்சி முனை கிட்டக் கிட்ட நின்று எரிய வேண்டும், ஆபரேட்டர் தூங்கினால் திரை மெல்லப் பழுத்து இருண்டுவிடும், உடனே விசில். அந்த விசிலோடு சேர்த்துத்தான் அவருக்குப் படம் ஞாபகம். பையனுக்கு அது வராது, வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவனுக்கு ஏதாவது ஒரு நிழல் பிடித்தால் போதும். 2012இல் பழைய கலர்ப் படமான 'கர்ண'னைக் கணினியில் சுத்தம் செய்து மறுபடி வெளியிட்டபோது தியேட்டரில் இளவட்டமும் இருந்தது, நான் பார்த்தேன்.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். தமிழின் முதல் பேசும் படமான 1931 'காளிதாஸ்' இன்றைக்கு ஒரு பிரதிகூட இல்லை. ஊமைப் படங்கள் அநேகமாக எல்லாமே போச்சு. பாதி தீயில் போனது, அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். மற்றது பிசுபிசுத்து, அப்புறம் பொடியாகிப் போனது. ஓடி முடிந்த பிரிண்டைக் கிலோ கணக்கில் வாங்கி அதிலிருக்கிற வெள்ளியைப் பிரித்தெடுத்தவர்களும் உண்டு. ஒரு காலத்துக் கதாநாயகிகள் பலர் இன்றைக்கு யார் வீட்டுக் கொலுசில் இருக்கிறார்களோ.

கேள்வி: அண்ணா, மாமியாரோட கூறைப்புடவை, அறுபது வருஷம் இருக்கும். மடிப்பில் கிழிய ஆரம்பிச்சிடுச்சு. "பழைய பட்டுப்புடவை வாங்கறோம்"னு தெருவில் வந்தவர் நல்ல விலை சொல்றார். கொடுக்கலாமா?
– காவேரிப்பட்டணம் வாசகி

பதில்: இப்போதுதான் வெள்ளியைப் பற்றிப் புலம்பி முடித்தேன், நீங்கள் அங்கேயே வந்து நிற்கிறீர்கள். அவர் வாங்குவது புடவையை இல்லை, ஜரிகையை. நிஜ ஜரிகை என்பது பட்டு நூல் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கமுலாம் ஏற்றினது. புடவையை எரித்துச் சாம்பலிலிருந்து வெள்ளியை எடுப்பார்கள். கஷ்டத்தில் இருந்தால் கொடுங்கள், அதில் ஒரு வெட்கமும் வேண்டாம், பட்டுப்புடவையை அந்தக் காலத்தில் வாங்கினதே பாதி அதற்காகத்தான். கஷ்டமில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். உரசிப் பார்க்கும் முன்னால் விலை சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

வைத்துக்கொள்வதென்றால், வீட்டம்மா சொல்வது இது: ஹேங்கரில் தொங்கவிட்டால் ஜரிகைக் கனத்தில் பட்டு இழுபட்டுக் கிழியும். மஸ்லின் துணியில் சுற்றிப் படுக்க வையுங்கள், ரெண்டு மூணு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள், பழைய மடிப்புக் கோட்டிலேயே திரும்ப மடிக்கக் கூடாது. ரச கற்பூரம் ஜரிகையைத் தொடக் கூடாது, சென்ட்டும் படக் கூடாது. உடல் கிழிந்து கரை நன்றாக இருந்தால் கரையை வேறு பட்டில் ஏற்றித் தைக்கலாம். நம் மாவட்டத்திலேயே மல்பெரி போட்டுப் புழு வளர்த்துத் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடை கூடையாகக் கொண்டு வருகிறார்கள், ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் கூடு போகும். அங்காடியில் ஒருநாள் காலையில் போய் நின்று அந்த வாசனையை ஒரு தடவை பிடித்தால் (நல்ல வாசனை என்று சொல்லமாட்டேன்) அப்புறம் புடவையை எரிக்க மனசு வராது.

பஃப் கை ரவிக்கை மறுபடி வந்ததைப் பற்றி பர்கூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். அதற்கும் வீட்டம்மா பதில்: "வரட்டும், என்கிட்ட அளவு ரவிக்கை பத்திரமா இருக்கு, உடம்புதான் இல்லை."

கேள்வி: பழைய ஃபிலிம் கேமரா வாங்க ஆசை. எதைப் பார்த்து வாங்கணும்?
– ஓசூர், தனியார் நிறுவன ஊழியர்

பதில்: முதலில் லென்ஸைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஷட்டரை மெதுவான வேகத்தில் வைத்து அமுக்கி, சத்தம் ஒரே சீராக வருகிறதா என்று கேளுங்கள். நான் பெங்களூரில் ஒரு பழைய சாமான் சந்தையில் ஆசைப்பட்டு ஒன்று வாங்கி, பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் ஷட்டர் திறந்தபடி நின்றுவிட்டது, இப்போது பேத்திக்கு விளையாட்டுச் சாமான். அழகுக்கு வேண்டாம், வேலைக்குத்தான் என்றால் ஆக்ஃபா கிளிக் 3 போதும், அதில் கெட்டுப்போக அதிகம் ஒன்றும் கிடையாது. ஃபிலிமும் கழுவும் செலவும் ஃபோன் மாதிரி இலவசம் இல்லை, அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஒரு காலத்தில் ஊட்டியிலேயே 'இந்து' என்று சர்க்கார் கம்பெனி ஃபிலிமும் தாளும் செய்தது. அந்தத் தாளில்தான் நான் தொழில் கற்றேன், அதுவும் போச்சு.

கேள்வி: பழசு பழசு என்று எழுதுகிறீர்களே, அந்தக் காலத்தில் எத்தனை பேர் வீட்டில் போட்டோ இருந்தது? எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூட தாத்தா பாட்டி படம் கிடையாது. பட்டும் கோட்டும் இருந்தவர்களுக்குத்தான் உங்கள் பக்கம்.
– தேன்கனிக்கோட்டை வாசகர்

பதில்: நியாயமான கோபம். கோட்டு கடைக்குச் சொந்தம் என்று மேலே சொல்லிவிட்டேன், ஆனால் அந்தக் கோட்டைப் போடக்கூட ஸ்டுடியோவுக்குள் வந்தாக வேண்டுமே. படிக்குக் கீழேயே நின்று "உள்ள வரலாமாங்க" என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்க என்று மாமா சொன்னாலும் ஸ்டூலில் உட்காரமாட்டார்கள், நின்றபடிதான் படம். கூலி நாள் ஒன்று போகும், பஸ் காசு, படக் காசு. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்கிற பேச்சு வேறு, அது இல்லாதவர்களுக்கு ஒரு சமாதானமாகவும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

நிறையப் பேருக்கு முதல் படமே செத்த பிறகு எடுத்ததுதான். ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டிக் கூட்டிக்கொண்டு போவார்கள், நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டால் கட்டி மாலை போட்டிருக்கும், நானும் தாடையைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்துவிட்டு ஃபிளாஷ் அடிப்பேன். 1993இல் சேஷன் தேர்தல் கமிஷனராக இருந்தபோது வாக்காளருக்குப் படம் போட்ட அட்டை என்று உத்தரவு வந்தது. நம்ம பக்கத்தில் எத்தனையோ கிழவன் கிழவிக்கு உயிரோடு எடுத்த ஒரே படம் அந்த அட்டைப் படம்தான். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில், துணி கட்டி, வரிசையில் நிற்க வைத்து எடுத்தது. கண் பாதி மூடியிருக்கும், யார் முகம் என்று சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும். ஆள் போனதும் அதைத்தான் கொண்டுவந்து, "பெருசாப் போட்டுக் குடுங்கண்ணா" என்பார்கள். கட்டைவிரல் நகம் அளவுப் படத்தைச் சுவர் அளவுக்கு ஆக்க வேண்டும். கடைசி சில வருஷம் எங்கள் கடை ஓடியதே அதில்தான், டச்சிங் பென்சிலுக்குப் பதில் மவுஸ்.

ஒரு தடவை மாரண்டஹள்ளிப் பக்கமிருந்து ஒரு அண்ணன் தங்கச்சி வந்தார்கள். அட்டையில் அம்மா படம், புடவையைத் தோளைச் சுற்றிப் போர்த்திய மாதிரி, ரவிக்கை இல்லை. அந்தத் தலைமுறையில் நம்ம பக்கத்துக் கிழவிகள் பலர் ரவிக்கை போட்டதே கிடையாது. அண்ணன், "மருமகளுங்க எல்லாம் வர்ற வீடு, ஒரு ஜாக்கெட் வரைஞ்சு விட்டுடுங்க, பச்சைக் கலர்ல" என்றார். தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. அவர் வெளியே டீ குடிக்கப் போனதும் மேஜைக்குக் கிட்டே வந்து, "எங்கம்மா ஜாக்கெட்டே போட்டதில்லண்ணா, போட்டா யாருன்னு எனக்கே தெரியாது" என்றார்.

ரெண்டு பிரதி போட்டேன். பச்சை ரவிக்கை போட்டது அண்ணன் வீட்டு ஹாலுக்குப் போனது. போடாதது தங்கச்சி வீட்டில், அரிசி டிரம்முக்கு மேலே ஆணி அடித்து மாட்டியிருக்கிறார், ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தேன். ஒன்றுக்கு மட்டும்தான் காசு வாங்கினேன்.